கட்டுத்துணி நெய்வோர்க்குக் கட்டுப்போடுவது யார்?

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டிப் பக்கம் சென்றால் தறியின் ஓசை காதில் விழும். அங்கே நெய்யப்படுவது பட்டுமன்று, பகட்டுமன்று. மருத்துவமனைகளிலே புண்ணுக்குக் கட்டும் வெள்ளைத் துணி. ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுத்துணி தரும் அந்தக் கைகளுக்கு நோய் வந்தால் கவனிப்பது யார்? இதுவே இன்று உங்கள் முன் நாம் வைக்கும் கேள்வி.

"மருத்துவமனையே இல்லையா?" என்பீர்கள். உண்டு! ராஜபாளையத்திலும் உண்டு; ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு. சுற்றுப்புற ஊர்களிலே ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. விருதுநகரிலே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் எழுந்தது. உள்ளதை இல்லையென்பது நம் வழக்கமன்று. ஆனால், எந்தச் சேவை, எங்கே, எந்த நேரத்தில், யாருக்கு என்று தீர்மானித்துப் பணம் ஒதுக்குகிறார்களே, அந்தத் தீர்மானம் எதை அளந்து செய்யப்படுகிறது?

தலையை எண்ணிச் செய்யப்படுகிறது! சமவெளியிலே 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 20,000 பேருக்கு ஒன்று. துணை நிலையத்துக்கு 5,000 பேர். மலையிலே 3,000 பேர். மலைக்கு வேறு அளவு வகுத்தவர்கள், தேவை இடத்துக்கு இடம் மாறும் என்பதை ஒப்புக்கொண்டவர்களே. ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பிலே வாழும் பளியர் சிறு கூட்டத்தார். 3,000 என்ற கணக்குக்கும் அவர்கள் எட்டமாட்டார்கள். எண்ணிக்கையில் குறைந்தவர்களுக்கு நோயும் குறைந்தா வரும்?

சமவெளிக்கு வருவோம். பெரிய ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு ஓரளவு துணை நிற்கிறது. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயைத் தொழில்நோயென்று 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமே ஏற்றது. ஆனால் பத்துப் பேருக்கும் குறைவானோர் உழைக்கும் தறிக்கூடம் அந்தக் காப்பீட்டின் கட்டாய எல்லைக்குள் பொதுவாக வருவதில்லை. தூசி ஒன்றே, சட்டம் மட்டும் ஆள் எண்ணிப் பார்க்கிறது! அந்தத் தொழிலாளி பகலிலே மருத்துவரிடம் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. மருந்து இலவசந்தான், அதைப் பெறும் நேரம் இலவசமன்று.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமமொன்றின் மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-ல் ஓர் உண்மையைச் சுட்டினார்: தேவை மிகுந்த இடத்திலேதான் நல்ல மருத்துவம் குறைந்து கிடக்கிறது என்பது அது. இங்கிலாந்திலே 1976-ல் ஒரு குழு, வட்டாரங்களுக்கு நிதி பகிரும்போது தலைக்கணக்கோடு வயதையும் மரண விகிதத்தையும் சேர்த்துக் கணக்கிடச் சொன்னது.

நம்மால் ஆகாதா? ஆகும்! 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, மருந்தை மொத்தமாக, முறையாக வாங்கிக் காட்டியது இந்த மாநிலம். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மூலம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டுக்கே அனுப்பியது. மருந்து வாங்கத் தெரிந்த அரசுக்கு மருத்துவத்தைப் பகிரவா தெரியாது?

ஆகவே நாம் கேட்பது நான்கு. தலைக்கணக்கோடு தூரம், வருவாய், தொழில்நோய் ஆகியவற்றையும் சேர்த்து நிதி ஒதுக்குக! தறி ஊர்களிலே மாலை நேர மருத்துவம் நடத்துக! மலையடிவாரத்துக்கு நடமாடும் மருத்துவக் குழுவை நாள் குறித்து, தவறாமல் அனுப்புக! நோயாளர் நலச் சங்கங்களிலே தறித் தொழிலாளிக்கும் பளியர் பெண்ணுக்கும் இடம் கொடுத்து, அவர்கள் சொல் கேட்டுச் செலவிடுக!

வந்தவர் எத்தனை பேர் என்று சீட்டை எண்ணினால் போதாது. வர முடியாமற் போனவர் யார் என்று கேட்கவேண்டும். வாசக நண்பர்களே, அடுத்த கிராம சபைக் கூட்டத்திலே அந்தக் கேள்வியை எழுப்புங்கள். விடை பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து போகாதீர்கள்!