ராதாகிருஷ்ணனுக்குப் பாடம் எடுத்தவர் யார்? கிறிஸ்தவக் கல்லூரிகள் மறந்துபோன ஒரு வகுப்பு

செப்டம்பர் 5 வந்தால் போதும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்கத் தலைப்பாகை கட்டிய டாக்டர் ராதாகிருஷ்ணன்தான். அந்த ஆசிரியருக்கே ஆசிரியராக இருந்தவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

அவர்களில் ஒருவர் ஆல்ஃப்ரெட் ஜார்ஜ் ஹாக். 1903-ல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து மிஷனரி. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். அவரிடம்தான் ராதாகிருஷ்ணன் எம்.ஏ. படித்தார். இந்து மதத்தை மிஷனரிகள் விமர்சித்த விதம் தன்னைக் காயப்படுத்தியதாகவும், அந்தக் காயமே இந்து தத்துவத்தைத் தேடிப் படிக்க வைத்ததாகவும் ராதாகிருஷ்ணன் பிற்காலத்தில் எழுதினார். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்பது அப்போது அடிக்கடி வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. அதற்குப் பதிலாகத்தான் 1908-ல் வேதாந்தத்தின் அறவியல் பற்றிய ஆய்வேட்டை எழுதினார். அப்போது அவருக்கு வயது 20.

யோசித்துப் பாருங்கள். மிஷனரி கல்லூரி, மிஷனரி பேராசிரியர். அங்கே ஒரு மாணவர், மிஷனரிகளின் வாதம் தப்பு என்று ஆய்வேடு எழுதிக் கொடுக்கிறார். பேராசிரியர் கோபப்படுவாரோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. ஹாக்கோ அதைச் சிறப்பான வேலை என்று பாராட்டினார்.

உயர்கல்வியில் கிறிஸ்தவ நம்பிக்கையை எப்படிச் சேர்ப்பது என்று இன்று கருத்தரங்குகள் நடக்கின்றன. அதற்கான நல்ல பதில் சென்னையிலேயே நூறு வருஷத்துக்கு முன்னால் கிடைத்துவிட்டது.

இப்போ என்ன நடக்கிறது?

கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த பலருக்கும் இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். டைம்டேபிளில் வாரத்துக்கு ஒரு பீரியட். கிறிஸ்தவ மாணவர்கள் ஒரு அறைக்கு பைபிள் வகுப்புக்கோ கேட்டகிசத்துக்கோ போவார்கள். மற்றவர்கள் இன்னொரு அறையில் வேல்யூ எஜுகேஷன். நேரம் தவறாமை, பெற்றோரை மதித்தல், சமூக ஊடகத்தைப் பொறுப்பாகப் பயன்படுத்துதல்... பெஞ்சுக்கு அடியில் போன் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த பீரியடில் பொருளாதாரமோ உயிரியலோ வந்துவிடும். முந்தைய பீரியடில் பேசியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. அரசியலமைப்பின் 30-வது பிரிவு, சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் 28(3), அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் யாரையும் அவர் சம்மதம் இல்லாமல் மத போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது. சரியான பாதுகாப்புதான், இது இருக்கத்தான் வேண்டும். போதாததற்கு மதமாற்றக் குற்றச்சாட்டு பற்றிய பயம் வேறு. ‘வம்பே வேண்டாம்’ என்று நிர்வாகங்கள் நம்பிக்கையை ஒரு பீரியடுக்குள் வைத்துப் பூட்டிவிட்டன.

விளைவு, யாரையும் புண்படுத்தாத, யாரையும் யோசிக்கவும் வைக்காத ஒரு வகுப்பு.

இதே கல்லூரியின் பழைய கதை வேறு மாதிரி. 1877 முதல் 1907 வரை முதல்வராக இருந்த வில்லியம் மில்லர், கல்லூரியின் வேலை தலைகளை எண்ணி ஞானஸ்நானம் கொடுப்பது அல்ல என்று வாதாடியவர். இதற்காக மிஷன் வட்டாரத்திலேயே திட்டு வாங்கினார். பைபிள் வகுப்பு அவர் காலத்திலும் இருந்தது. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஷேக்ஸ்பியரை எடுத்துக்கொண்டு, 1900-ல் கிங் லியரையும் இந்திய அரசியலையும் இணைத்தே ஒரு புத்தகம் போட்டார். இலக்கிய வகுப்பிலேயே மனசாட்சி, அதிகாரம், பாவம் எல்லாம் பேசப்பட்டன.

ஹாக் இன்னும் ஒரு படி மேலே போனார். மாணவப் பருவத்தில் சொந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டு, இறையியல் படிப்பை விட்டவர் அவர். அதனாலோ என்னவோ, எதிராளியின் வாதத்தை அதன் பலமான வடிவத்தில் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவரிடம் இருந்தது. கர்மக் கொள்கையைக் கேலி செய்யாமல், அதற்குள் இருக்கும் தர்க்கத்தை மதித்துக் கல்லூரி இதழில் கட்டுரைகள் எழுதினார். 1909-ல் அவை புத்தகமாயின. 1938-ல் தாம்பரம் வளாகத்திலேயே உலக மிஷனரி மாநாடு நடந்தபோது, பிற மதத்தவரின் இறைநம்பிக்கையும் உண்மையானதாக இருக்க முடியும் என்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர்.

இதை ரொம்பவும் ரொமான்டிக்காகப் பார்க்க வேண்டியதில்லை. அது காலனி ஆட்சிக் காலம். மேடையும் மார்க்கும் வெள்ளைக்காரர் கையில். ராதாகிருஷ்ணன் பட்ட காயம் நிஜமானது. அந்தத் துணிச்சலோ திறமையோ இல்லாத எத்தனை மாணவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில் இருக்கும் இன்றும் இந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. மாணவர் தைரியமாக மறுத்துப் பேச முடிந்தால்தான் அது வகுப்பு. இல்லையென்றால் பிரசங்கம்.

அப்போ பாடத்துக்குள் நம்பிக்கை எப்படி வரும்? பி.காம். வகுப்பில் 2016-ன் திவால் சட்டம் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பைபிளின் உபாகமம் 15-வது அதிகாரம், ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கடனை விட்டுவிடச் சொல்கிறது. கம்பெனிக் கடனுக்கு வங்கிகள் ‘ஹேர்கட்’ எடுக்கின்றன. மகளிர் குழுக் கடனுக்கு மட்டும் வாசலில் ஆள் வந்து நிற்பது ஏன் என்று ஆசிரியர் கேட்கலாம். வட்டி கூடாது என்ற இஸ்லாமிய நிலைப்பாட்டை ஒரு மாணவி எடுத்து வைக்கலாம். ‘கடனை விட்டுவிட்டால் அடுத்து யார் சார் கடன் கொடுப்பாங்க?’ என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்கலாம். (அந்த ஆபத்தை உபாகமமே அதே அதிகாரத்தில் முன்கூட்டியே பேசுகிறது.) யாரும் மதம் மாறப் போவதில்லை. பாடம்தான் ஆழமாகும். 28(3)-க்கும் இதனால் ஒரு சேதாரமும் இல்லை. இது வழிபாடு அல்ல, விவாதம்.

வேலூர் சி.எம்.சி.யில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. மருத்துவ மாணவர்கள் படிப்பின் ஆரம்பத்திலேயே கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய் மக்களின் வாழ்க்கையைப் படிக்கிறார்கள். சேவை பற்றிய நம்பிக்கை அங்கே போஸ்டரில் இல்லை, பாடத்திட்டத்தில் இருக்கிறது.

ஆனால் இந்த வழியில் நிர்வாகங்களுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. கேள்வி கேட்கப் பழகிய மாணவர் கல்லூரியையும் விடமாட்டார். திருச்சபைக்குள் தலித் மக்கள் மீதான பாகுபாட்டை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. நம் கல்லூரியில் அட்மிஷனிலும் வேலை நியமனத்திலும் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வகுப்பில் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? எய்டட் பதவியில் இருப்பவரின் சம்பளத்தில் சிறு பகுதியை வாங்கிக்கொண்டு அதே பாடத்தை நடத்தும் செல்ஃப் ஃபைனான்ஸ் ஆசிரியர் பற்றிக் கேட்டால்?

கூலிக்காரருக்குப் பொழுது சாய்வதற்குள் கூலி கொடுத்துவிட வேண்டும் என்றும் அதே உபாகமத்தில் இருக்கிறது, 24-வது அதிகாரம். வேல்யூ எஜுகேஷன் சிலபஸ் தயாரிக்கும் கமிட்டி அதையும் ஒரு யூனிட்டாகச் சேர்க்கலாம். நடத்தும் பொறுப்பை ஒரு செல்ஃப் ஃபைனான்ஸ் ஆசிரியரிடமே கொடுத்தால் இன்னும் நல்லது.