உறைநிலை சிகிச்சையும் காப்பீட்டின் கடமையும்

புதிய சிகிச்சை ஒன்றுக்குப் பொதுக் காப்பீடு பணம் தர வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், ஏற்பு அல்லது மறுப்பு என்ற இரு முடிவுகளே விவாதிக்கப்படுகின்றன. புராஸ்டேட் புற்றுநோய்க்கான உறைநிலை சிகிச்சையில் அமெரிக்காவின் மெடிகேர் திட்டம் பெற்ற அனுபவம், இந்த இரண்டும் போதாது என்பதைக் காட்டுகிறது.

இச்சிகிச்சையில் மெல்லிய ஊசிகளைச் சுரப்பிக்குள் செலுத்தி, ஆர்கான் வாயுவின் மூலம் திசுவை மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உறைய வைத்து அழிக்கிறார்கள். பெரிய அறுவை தேவையில்லை. ரத்த இழப்பும் குறைவு. ஆனால், பாலுறவுத் திறன் இழப்பு பலருக்கு நேர்கிறது.

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 'நியாயமானதும் அவசியமானதுமான' சிகிச்சைக்கே பணம் தர வேண்டும் என்பது சட்டம். போதிய ஆதாரமில்லை என்று கூறி 1990-களின் பிற்பகுதியில் உறைநிலை சிகிச்சையை அது மறுத்தது. பின்னர், புற்றுநோய் வெகுதூரம் பரவாதவர்களுக்கு முதன்மைச் சிகிச்சையாக 1999 ஜூலை 1 முதல் ஏற்றது. கதிர்வீச்சு சிகிச்சை பலனளிக்காமல் நோய் திரும்பியவர்களுக்கு 2001 ஜூலையில் வழி திறந்தது. பிஎஸ்ஏ அளவு 8-க்குக் கீழ் இருத்தல் உள்ளிட்ட வரம்புகள் அவர்களுக்கு விதிக்கப்பட்டன.

நோயாளிக்கு இந்த முடிவின் பொருள் எளிது. ஏற்கப்பட்டால் மருத்துவர் கட்டணத்தில் பொதுவாக 20 சதவீதம் அவர் பங்கு. மறுக்கப்பட்டால் முழுச் செலவும் அவர் தலையில் விழும். எனவே, காலவரையற்ற மறுப்பு வசதி படைத்தவருக்கு மட்டுமே சிகிச்சை என்ற நிலையை உருவாக்கிவிடும்.

ஆயினும், ஏற்பிலும் ஒரு குறை நேர்ந்தது. உறைநிலை சிகிச்சையையும் கதிர்வீச்சையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு, கனடாவின் கால்கரியில் 244 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது 2010-இல்தான். அதாவது மெடிகேர் ஏற்புக்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு. மூன்றாண்டு முடிவில் நோய் முற்றியோரின் விகிதம் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒன்றே. எனினும், போதிய பேர் சேராததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. உறுதியான தீர்ப்பும் கிட்டவில்லை. காப்பீடு பணம் தரத் தொடங்கியபின், ஒப்பீட்டு ஆய்வுக்கு உட்பட நோயாளிக்கும் மருத்துவருக்கும் என்ன தூண்டுதல் இருக்க முடியும்?

இங்கிலாந்து வேறு பாதையில் சென்றது. கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகளுக்கு வெளியே இச்சிகிச்சையை அளிக்க வேண்டாம் என்று அந்நாட்டின் நைஸ் அமைப்பு 2008-இல் வழிகாட்டியது. அறிவியல் நோக்கில் இது சரியே. ஆனால், ஆய்வு நடக்கும் மருத்துவமனைக்கு அருகில் வசிக்காத நோயாளி, குறிப்பாகக் கதிர்வீச்சுக்குப் பின் நோய் திரும்பி, மாற்று வழிகள் சுருங்கிப்போனவர் என்ன செய்வார்?

இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பணம் தருவது. சிகிச்சை பெறும் ஒவ்வொருவரின் விளைவையும் பதிவேட்டில் சேர்ப்பது. கெடு முடிந்ததும் மறுபரிசீலனை செய்வது. ஆதாரம் திரட்டும் நிபந்தனையுடன் காப்பீடு அளிக்கும் இந்த முறையை மெடிகேரே 2000-களின் நடுவில் வகுத்துக்கொண்டது. உறைநிலை சிகிச்சைக்கான ஏற்பு அதற்கு முந்தையது. அந்த நிபந்தனை இதற்கு விதிக்கப்படவில்லை.

பொதுப்பணத்தைச் செலவிடும் காப்பீட்டுக்கு இரு கடமைகள் உண்டு. இன்றைய நோயாளிக்குச் சிகிச்சை எட்ட வேண்டும். நாளைய நோயாளிக்கு அதன் பலன் குறித்த தெளிவும் எட்ட வேண்டும். முதலாவதை மட்டும் நிறைவேற்றினால், கடமையில் பாதியே முடிந்ததாகும்.