இதயத்தின் மேல் ஏறிய கிரீடம்

எடின்பரோவின் ராயல் மைல் வீதியில் இன்றும் விற்பனைக்குக் கிடைக்கும் பொருள்களில் ஒன்று லக்கன்பூத் புரூச். ஓர் இதயம், அல்லது பின்னிக் கிடக்கும் இரண்டு இதயங்கள், மேலே ஒரு கிரீடம். வெள்ளியில் செய்த ஊசிப்பதக்கம். ஸ்காட்லாந்து ராணி மேரி தன் காதலன் டார்ன்லிக்கு அளித்த பரிசின் வழிவந்தது என்ற கதையையும் சேர்த்தே பொட்டலம் கட்டித் தருகிறார்கள். இந்தக் கதையைத்தான் நாம் மறுக்கிறோம்.

1565இல் மேரி டார்ன்லியை மணந்தாள். 1567இல் அவன் கொலையுண்டான். ஐயம் மேரியையும் விட்டுவைக்கவில்லை. மாறாக் காதலுக்கு இதைவிட மோசமான உதாரண தம்பதியைத் தேடிப்பிடிப்பது கடினம். அருங்காட்சியகங்களில் உள்ள இவ்வகைப் பதக்கங்களில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கிரீடம் இருப்பதே சான்று என்பார்கள். அயர்லாந்தின் க்ளாடா மோதிரத்திலும் கிரீடம் சூடிய இதயம் உண்டு. அதற்கு எந்த ராணியையும் யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

பெயரையே பாருங்கள். ஸ்காட்ஸ் மொழியில் 'லக்கன்' என்றால் பூட்டிய, 'பூத்' என்றால் கடை. புனித ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி, வீதியை நெரித்துக்கொண்டு நின்ற கடை வரிசை அது. வெள்ளித் தட்டார்கள் அங்கே தொழில் நடத்தினார்கள். கவிஞர் ஆலன் ராம்சே வாடகைக்குப் புத்தகம் கொடுத்ததும், பர்ன்ஸின் 1787ஆம் ஆண்டு எடின்பரோ பதிப்பை வெளியிட்ட க்ரீச் கடை வைத்திருந்ததும் அதே வரிசையில்தான். (இலக்கிய வாசகர்கள் இந்த இடிபாட்டுக்காகத் தனியே வருந்தலாம்.) 1817க்குள் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். பெயரில் எஞ்சியிருப்பது அரண்மனையல்ல, அங்காடி.

வாங்கியவர்களும் அரசர்களல்லர். மணம் பேசிய இளைஞன் பெண்ணுக்குக் கொடுத்தான். அவளோ, பிள்ளை பிறந்ததும் அதே பதக்கத்தைக் குழந்தையின் சால்வையில் குத்தினாள். கண்ணேறு படாமலிருக்க, தேவதைகள் குழந்தையைத் தூக்கிச் சென்று வேறொன்றைக் கிடத்திவிடாமலிருக்க. 'சூனியக்காரிப் பதக்கம்' என்றொரு பெயரும் இதற்கு உண்டு. பிள்ளைகள் பிழைப்பது நிச்சயமில்லாத காலத்தில் ஒரு தாயின் அச்சம் அந்த ஊசியில் இருந்தது. 'காதல் சின்னம்' என்ற ஒற்றைச் சொல் அந்த அச்சத்தைத் துடைத்து எறிந்துவிடுகிறது. நம் கோபம் இதன்மேல்தான்.

துடைக்கப்பட்டவர்கள் இன்னும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ரோமத்தோல் வணிகத்தோடு இவ்வடிவம் வட அமெரிக்கா சென்றது. வணிகர்கள் வெள்ளியைக் கொடுத்துத் தோலை வாங்கினார்கள். இரோக்வா மக்கள் அதை வாங்கி அணிந்ததோடு நிற்கவில்லை. அவர்களுடைய தட்டார்களே வெள்ளி நாணயங்களைத் தகடாக அடித்து இதயங்களை வெட்டினார்கள், பெண்கள் மேலாடையில் வரிசை வரிசையாகக் குத்திக்கொண்டார்கள். அவர்களிடம் அது மேரியின் இதயமாக இல்லை, அவர்களுடையதாகவே ஆகியிருந்தது. கடைக்காரர் தரும் அந்தச் சிறு அட்டையில் இரோக்வா தட்டாருக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்; இடம் போதாதென்றால் டார்ன்லியை எடுத்துவிடலாம்.