மருத்துவ பீடத்துக்கு வெளியேயும் சுகாதாரக் கல்வி உண்டு

2024 டிசெம்பரில் வடமராட்சியில் காய்ச்சல் பரவி உயிர்களைப் பலிகொண்டபோது, அது என்ன நோய் என்று அறியாது மக்கள் பீதியுற்றிருந்தனர். பின்னர் அது எலிக்காய்ச்சல் என உறுதிசெய்யப்பட்டது. நோயாளரைக் காப்பாற்றப் போராடியவர்கள் வைத்தியசாலைகளின் வைத்தியர்கள். ஆனால், வயலில் இறங்கி வேலை செய்வோரைத் தேடிச் சென்று தடுப்பு மருந்து வழங்கிய பணி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளைச் சேர்ந்த களப்பணியாளர்களுடையது. அவர்களைப் பற்றி எமது சமூகம் அதிகம் பேசுவதில்லை.

உயர்தர உயிரியல் பிரிவில் தோற்றும் பிள்ளைகளின் பெற்றோருக்கு மருத்துவ பீடம் ஒன்றே இலக்கு. வெட்டுப்புள்ளியில் நூலிழையில் தவறவிட்ட மாணவர் இரண்டாம், மூன்றாம் தடவையும் பரீட்சைக்கு அமர்கின்றனர். பின்னர் விரக்தியுடன் ஏதோவொரு துறைக்குச் சென்றுவிடுகின்றனர். பொதுச் சுகாதாரம் என்றொரு துறை இருப்பதைப் பாடசாலைகளும் தனியார் கல்வி நிலையங்களும் அவர்களுக்கு எடுத்துரைப்பதாகத் தெரியவில்லை.

இலங்கையின் சுகாதாரப் பெருமை இத்துறையாலேயே ஈட்டப்பட்டது. 1926இல் களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்ட முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த கட்டமைப்பு, இன்று 350க்கும் அதிகமான சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாக நாடெங்கும் விரிந்துள்ளது. இத்துறையில் அசட்டை காட்டினால் விளைவது என்ன என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 1963இல் வெறும் 17 பேருக்கே மலேரியா கண்டறியப்பட்டது. நோய் ஒழிந்துவிட்டதென்ற மெத்தனத்தில் கண்காணிப்புத் தளர்ந்தது. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் மீண்டும் பீடிக்கப்பட்டனர். மலேரியா அற்ற நாடு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற 2016 வரை காத்திருக்க நேர்ந்தது. மறு ஆண்டிலேயே டெங்கு 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமானோரைத் தாக்கியது.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகிய பதவிகளுக்குக் களுத்துறையிலுள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் உள்ளிட்ட நிலையங்களில் பயிற்சி வழங்கப்படுகின்றது. ரஜரட்டைப் பல்கலைக்கழகம் சுகாதார மேம்பாட்டில் பட்டக் கற்கைநெறியொன்றை நடத்துகின்றது. நுளம்புகளை ஆராயும் பூச்சியியல், உணவுப் பாதுகாப்பு, நோய்ப்பரவல் புள்ளிவிபரம் என வேலைவாய்ப்பின் கிளைகள் பல. வைத்தியர்களும் பட்டப்பின் கற்கையாகச் சமுதாய மருத்துவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். எனினும் அதனை விரும்பித் தேர்வோர் எத்தனை பேர் என்பதை வைத்தியர்களே சொல்லட்டும்.

மாணவர்களை மாத்திரம் குறைகூறுவதில் நியாயமில்லை. பயிற்சிக்கான ஆட்சேர்ப்பு ஆண்டுதோறும் ஒழுங்காக நடைபெறுவதில்லை. விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க எந்தக் குடும்பத்தால் இயலும்? அந்தஸ்தும் அவ்வாறே. 2020 ஜூலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தமது கடமைகளுக்குச் சட்டரீதியான அங்கீகாரம் கோரி, கொவிட் தடுப்புப் பணிகளிலிருந்து விலகி நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது நோய்த்தடுப்புக்கு ஆதாரமாக இருந்தது 1897ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்!

மலையகத்தின் நிலை இன்னும் கவலைக்குரியது. லயன் அறைக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாவிடில், கர்ப்பிணித் தாய் தனது உபாதையை யாரிடம் சொல்வாள்? சைகையால் விளக்கக்கூடிய விடயமல்ல அது. தோட்டப் பாடசாலைகளில் உயர்தரம் சித்தியடைந்து, வேலை தேடிக் கொழும்புக் கடைகளுக்குச் செல்லும் யுவதிகளை இப்பணிக்குத் தயார்செய்வது அப்படியொன்றும் முடியாத காரியமல்ல.

யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மருத்துவக் கல்வி வழங்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனியான பட்டக் கற்கைநெறிகளை ஆரம்பிப்பது குறித்து அவை சிந்திக்க வேண்டும். அதேவேளை, அப்பட்டம் எந்தப் பதவிக்கு, எந்தச் சம்பளப் படிநிலையில் ஏற்றுக்கொள்ளப்படும் என்பதைச் சுகாதார அமைச்சு முதல் தொகுதி மாணவர் அனுமதிக்கப்படுவதற்கு முன்னரே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.