கயாக்கில் போனாலே ‘ஈகோ டூரிசம்’ ஆகிவிடுமா? அலையாத்திக் காட்டுக்கு புக் பண்ணும் முன் பார்க்க வேண்டியவை

புனே கோந்த்வாவில் இருந்து கொங்கன் கடற்கரையில் உள்ள வெங்குர்லா சுமார் 400 கி.மீ. வெள்ளி இரவு கிளம்பினால், சனிக்கிழமை அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகில் இருக்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு பிச்சாவரம், காரங்காடு இருக்கு. துடுப்புப் படகிலும் கயாக்கிலும் மோட்டார் இல்லை, புகை இல்லை, சத்தமும் இல்லை. அதனால இயற்கைக்குப் பாதிப்பே இல்லைன்னு நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை.

காடு எவ்வளவு இருக்கு?

இந்திய வன நிலை அறிக்கை 2021-இன் படி, நாட்டின் அலையாத்திக் காடுகளின் பரப்பு 4,992 சதுர கி.மீ. இதில் மகாராஷ்டிராவுக்கு 324, தமிழ்நாட்டுக்கு வெறும் 45. அதாவது நாம் கொண்டாடும் பிச்சாவரத்தையும் சேர்த்து, தமிழ்நாட்டின் பங்கு 1 சதவீதம்கூட இல்லை. இவ்வளவு சின்ன இடத்தில்தான் லாங் வீக்கெண்ட் கூட்டம் மொத்தமும் இறங்குது.

சத்தம் இல்லாததில் என்ன சிக்கல்?

மோட்டார் படகு வருவது பறவைக்குத் தூரத்திலேயே கேட்கும். விலகிப் போக நேரம் கிடைக்கும். கயாக் அப்படியில்லை. பெரிய படகு நுழைய முடியாத, ஆழம் குறைந்த ஓடைக்குள்ளும் அது போகும். பறவைகள் இரை தேடுவதும் இளைப்பாறுவதும் அங்கேதான். திடீரென்று பக்கத்தில் ஆள் தெரிந்தால் கூட்டமாகப் பறந்துவிடும். வலசை வந்த பறவைக்கு அது வீணாகும் சக்தி. கூட்டை விட்டுப் பறந்தால், முட்டை வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகலாம்.

வழிகாட்டி எதற்கு?

நீர்மட்டம் இறங்கினால் கயாக் சேற்றில் சிக்கும். இறங்கித் தள்ளினால் மிதிபடுவது மரங்களின் சுவாச வேர்கள். எந்த ஓடைக்குள் எப்போது போகலாம், எங்கே திரும்பணும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

வெங்குர்லாவின் மாண்ட்வி கழிமுகத்தில் ‘சுவாமினி’ என்ற மகளிர் சுய உதவிக்குழு 2017 முதல் துடுப்புப் படகில் பயணிகளை அழைத்துப் போகிறது. ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து படகு, கயாக் பயணம் நடத்துகிறார்கள். காடு இருந்தால்தான் வருமானம் என்ற கணக்கு, அதைக் காப்பாற்ற ஊருக்கே ஒரு காரணம் தருது.

சட்டம் என்ன சொல்லுது?

2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அலையாத்திக் காடு மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வருது. அங்கே சூழல் சுற்றுலாவுக்கு அனுமதி உண்டு. ஆனால் அது கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தில் குறிக்கப்பட்ட பகுதியாக இருக்கணும், மக்கள் கருத்தும் கேட்டிருக்கணும். ஒரே நேரத்தில் எத்தனை படகு என்பதை ஒவ்வோர் இடத்துக்கும் தனியாகத்தான் முடிவு செய்ய முடியும்.

உண்மையான இழுபறி இங்கேதான். படகைக் குறைத்தால் பறவைக்கு நல்லது, ஆனால் துடுப்பு போடுகிறவரின் கூலி குறையும். ஒரு எளிய கணக்கு: 500 ரூபாய்க்கு 20 பயணம் போனாலும், 1,000 ரூபாய்க்கு 10 பயணம் போனாலும் வரவு 10,000 ரூபாய்தான். காட்டுக்குள் போகும் படகோ பாதி. அந்தக் கூடுதல் 500-ஐக் கொடுக்க நாம் தயாரா என்பதுதான் கேள்வி.

புக் பண்ணும் முன் மூன்றே கேள்வி கேளுங்க: வழிகாட்டி உள்ளூர்க்காரரா? ஒரு குழுவில் எத்தனை படகு? கூடு கட்டும் காலத்தில் எந்த ஓடைகளை மூடுவீங்க? மூன்றாவதுக்குப் பதில் இல்லைன்னா, வேற ஆளைப் பாருங்க.