அமெரிக்கத் தேர்தலும் ஆவணமற்ற குடியேறிகளும்

அமெரிக்க அதிபர் தேர்தல் 2024 நவம்பர் 5-ஆம் தேதி நடைபெற்றது. விலைவாசிக்கு அடுத்தபடியாக, சில மாநிலங்களில் அதற்கு இணையாகவே, இத்தேர்தலில் விவாதிக்கப்பட்டது சட்டவிரோதக் குடியேற்றம். குடியரசுக் கட்சி வேட்பாளர் டொனால்ட் டிரம்ப், தாம் வென்றால் அமெரிக்க வரலாறு கண்டிராத மிகப் பெரிய நாடு கடத்தல் நடவடிக்கையைத் தொடங்கப்போவதாகக் கூறினார். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸ், எல்லைக் காவலை வலுப்படுத்துவதோடு, நெடுங்காலமாக அந்நாட்டில் உழைத்து வாழ்வோர் குடியுரிமை பெறவும் வழி காண வேண்டும் என்றார்.

நம் ஊரில் இத்தேர்தல் பற்றிய ஆர்வம் பெரும்பாலும் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்துப் பதாகைகளோடு நின்றுவிட்டது. ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் ஊர் என்பதால் அது இயல்பே. ஆனால், குடியேற்ற விவாதத்தில் இந்தியாவுக்கு இதைவிட நேரடியான தொடர்பு உண்டு. பியூ ஆய்வு மையத்தின் மதிப்பீட்டின்படி, 2022-இல் அமெரிக்காவில் உரிய அனுமதியின்றி வாழ்ந்தோர் 1.1 கோடி பேர். அவர்களில் மெக்சிகோ, எல் சல்வடார் நாட்டினருக்கு அடுத்த இடத்தில் இருந்தோர் இந்தியர்கள், ஏறத்தாழ 7.25 லட்சம் பேர். 2023 நிதியாண்டில் மட்டும் அமெரிக்க எல்லைகளில் பிடிபட்ட இந்தியர்கள் சுமார் 97,000 பேர். 2024 அக்டோபர் 22 அன்று, திருப்பி அனுப்பப்பட்ட இந்தியர்களுடன் ஒரு தனி விமானம் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்தது. அனுப்பியது பைடன் அரசு. அந்த அரசின் துணை அதிபராக இருந்தவர் ஹாரிஸ்.

டிரம்பின் திட்டத்தில் மறைபொருள் ஏதும் இருக்கவில்லை. எல்லைச் சுவரைக் கட்டி முடிப்பது, அடைக்கலம் கோருவோரை மெக்சிகோவிலேயே காத்திருக்கச் செய்யும் 2019-ஆம் ஆண்டு ஏற்பாட்டை மீண்டும் கொணர்வது, அந்நியப் பகைவர்களுக்கென 1798-இல் இயற்றப்பட்ட போர்க்காலச் சட்டத்தைப் பயன்படுத்துவது, ஆவணமற்ற பெற்றோருக்கு அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை மறுப்பது ஆகியவை அவர் பொதுமேடைகளில் அறிவித்தவை. இவற்றுள் கடைசியானது 1868-இல் நிறைவேறிய 14-ஆவது அரசமைப்புத் திருத்தத்தோடு மோதுகிறது. அதனை ஓர் அதிபரின் ஆணையால் மாற்ற இயலாது என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் கருத்து. இதே டிரம்ப்தான் 2024 ஜூன் மாதம், அமெரிக்கக் கல்லூரிகளில் பட்டம் பெறும் வெளிநாட்டு மாணவர்களுக்கு நிரந்தரக் குடியுரிமை அட்டை வழங்க வேண்டும் என்றும் பேசினார்.

ஹாரிஸின் நிலைப்பாடு காலத்துக்குக் காலம் நகர்ந்து வந்திருக்கிறது. 2019-இல் தம் கட்சியின் வேட்பாளர் போட்டியில் இருந்தபோது, அனுமதியின்றி எல்லை கடப்பதைக் குற்றவியல் நடவடிக்கையிலிருந்து விலக்கலாமா என்று விவாத மேடையில் கேட்கப்பட்டதற்கு அவர் கை உயர்த்தினார். 2021-இல் துணை அதிபராகக் குவாதமாலா சென்றபோது, 'வராதீர்கள்' என்று அந்நாட்டு மக்களிடம் சொன்னார். 2024 செப்டம்பரில் அரிசோனாவின் டக்ளஸ் நகரில், எல்லைக் கட்டுப்பாட்டை மேலும் இறுக்குவதாக உறுதியளித்தார். செனட்டில் 2024-இல் இரு கட்சியினரும் பேசி உருவாக்கிய எல்லை மசோதாவுக்குக் கையெழுத்திடுவேன் என்பதே அத்தேர்தலில் அவரது முதன்மையான வாக்குறுதி.

அந்த மசோதாவைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்டு, ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மர்ஃபி, சுயேச்சையான கிர்ஸ்டன் சினிமா ஆகிய மூவரும் பல மாதங்கள் பேசி அதனை வரைந்தனர். எல்லையில் பிடிபடுவோர் எண்ணிக்கை ஒரு வாரத்துக்கு நாள்தோறும் சராசரியாக 5,000-ஐ எட்டினால் அடைக்கல மனுக்களுக்கான வழியை அடைக்க வேண்டும் என்றது அது. கூடுதல் அதிகாரிகளுக்கும் தடுப்புக் காவலுக்கும் நிதி ஒதுக்கியது. குடியேற்ற நீதிமன்றங்களில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் அப்போது தேங்கிக் கிடந்த நிலையில் அந்த நிதியின் அருமை விளங்கும். ஏற்கெனவே நாட்டில் வாழ்ந்த 1.1 கோடிப் பேருக்குக் குடியுரிமை வழி எதுவும் அதில் இல்லை. ஜனநாயகக் கட்சி இருபது ஆண்டுகளாக விடாமல் கேட்டுவந்த ஒன்றை விட்டுக்கொடுத்த மசோதா அது. ஆயினும், டிரம்ப் எதிர்த்ததும் குடியரசுக் கட்சியினர் பின்வாங்கினர். 2024 பிப்ரவரியில் 49 பேர் ஆதரவும் 50 பேர் எதிர்ப்பும் தெரிவிக்க, தேவையான 60 வாக்குகள் கிடைக்காமல் அது வீழ்ந்தது. மே மாதம் மீண்டும் முயன்றபோது ஆதரவு 43-ஆகக் குறைந்தது.

2024 ஜூன் மாதத்தில் அப்போதைய அதிபர் பைடன் தம் ஆணை மூலம் அடைக்கலத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தார். மெக்சிகோவும் தன் பங்குக்குக் கெடுபிடியை அதிகரித்தது. 2023 டிசம்பரில் தெற்கு எல்லையில் ஒரே மாதத்தில் 2.5 லட்சத்தை எட்டிய எண்ணிக்கை, 2024 செப்டம்பரில் சுமார் 54,000-ஆகச் சரிந்தது. எல்லையைப் பொறுத்தவரை இரு வேட்பாளர்களுக்கும் இடையிலான தொலைவு மேடைகளில் தெரிந்ததைவிடக் குறைவு என்பதே என் கணிப்பு. எல்லையைத் தாண்டி ஏற்கெனவே உள்ளே இருப்போரைப் பொறுத்தவரை அந்தத் தொலைவு உண்மையானதாகவும் மிகப் பெரியதாகவும் இருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவன் நான். தேவை, அளிப்பு என்னும் இரு கோடுகளில் ஒன்றை மட்டும் வரைந்து விலையைக் கண்டுபிடிக்கும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை. அமெரிக்கக் குடியேற்ற விவாதம் பல தேர்தல்களாக ஒற்றைக் கோட்டிலேயே நடக்கிறது. வருவோரைப் பற்றிப் பேசுகிறார்கள். வேலைக்கு அமர்த்துவோரைப் பற்றிப் பேசுவதில்லை. அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படியே, பயிர்த் தொழிலில் கூலிக்கு உழைப்போரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் உரிய அனுமதி இல்லாதவர்கள். கட்டுமானம், இறைச்சிக்கூடம், உணவகம், வீட்டு வேலை என்று பட்டியல் நீளும். அங்கே வேலை இருக்கிறது என்பது தெரிந்தேதான் பாலைவனத்தைக் கடக்கிறார்கள்.

இந்த இரண்டாவது கோட்டை அமெரிக்கா ஒரே ஒரு முறை வரைந்து பார்த்தது. 1986-இல் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சீர்திருத்தச் சட்டம் இரு பகுதிகளைக் கொண்டது. ஏற்கெனவே வந்துவிட்டோருக்குச் சட்டபூர்வத் தகுதி தருவது ஒன்று. அனுமதியற்றோரை இனி வேலைக்கு அமர்த்துவோரைத் தண்டிப்பது மற்றொன்று. முதற்பகுதி நிறைவேறி ஏறத்தாழ 27 லட்சம் பேர் பயன்பெற்றனர். இரண்டாம் பகுதியில், 'தெரிந்தே' அமர்த்தினால்தான் குற்றம் என்று ஒரு சொல் இடம்பெற்றது. தொழிலாளி காட்டும் ஆவணம் மெய்யானதுபோல் தோன்றினால் போதும். முதலாளி அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை. விளைவு, போலி ஆவணத் தொழில் வளர்ந்தது. ஒப்பந்ததாரர்கள் வழியாக ஆள் எடுக்கும் வழக்கம் பெருகியது. அந்த ஒற்றைச் சொல்லை நீக்க எந்தக் கட்சியும் பெரிதாக முயன்றதில்லை.

2019 ஆகஸ்ட் மாதம் மிசிசிப்பி மாநிலக் கோழி இறைச்சி ஆலைகளில் நடந்த சோதனையை இங்கே நினைவுகூரலாம். ஒரே நாளில் 680 தொழிலாளர்கள் கைது செய்யப்பட்டனர். பள்ளி முடிந்து வந்த பிள்ளைகள் பெற்றோரைக் காணாமல் அழுததை உலகமே பார்த்தது. மேலாளர் நிலையில் இருந்த நால்வர் மீது குற்றப்பத்திரிகை வர ஓராண்டு ஆயிற்று. சைராக்கியூஸ் பல்கலைக்கழகத்தின் தரவு ஆய்வுக் குழு திரட்டிய விவரப்படி, 2018 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை நாடு முழுவதிலும், தெரிந்தே வேலை கொடுத்ததற்காக வழக்குக்கு உள்ளானோர் 11 தனிநபர்கள். நிறுவனம் ஒன்றுகூட இல்லை. சுவரைப் பற்றி மிக உரக்கப் பேசிய ஆட்சியின் காலம் அது.

குடியேறிகளால் உள்நாட்டுத் தொழிலாளியின் கூலி குறைகிறதா என்ற கேள்விக்குப் பொருளியலாளரிடையே ஒருமித்த விடை இல்லை. 1980-இல் கியூபாவிலிருந்து 1.25 லட்சம் பேர் படகுகளில் வந்திறங்கி, மியாமி நகரின் உழைப்பாளர் எண்ணிக்கையை ஏழு விழுக்காடு உயர்த்தினர். அங்கிருந்த தொழிலாளர்களின் ஊதியமோ வேலையோ அதனால் பாதிக்கப்படவில்லை என்று டேவிட் கார்டு 1990-இல் எழுதினார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அவரது முடிவை ஜார்ஜ் போர்ஹாஸ் மறுத்து, உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காதோரின் கூலி கடுமையாக வீழ்ந்தது என்று வாதிட்டார். விவாதம் இன்னும் ஓயவில்லை. கார்டின் வாதமே எனக்கு வலுவானதாகப் படுகிறது. ஆனால், இரு தரப்பினரும் மறுக்க இயலாத ஒன்று உண்டு. கூலி குறைவாகக் கொடுத்தாலும், கொடுக்காமலே விட்டாலும், புகார் செய்தால் நாடு கடத்தப்படுவோம் என்று அஞ்சும் தொழிலாளி பேரம் பேச மாட்டான். அவன் பக்கத்தில் நின்று உழைக்கும் அமெரிக்கனின் பேரவலிமையும் அதனால் குறைகிறது. கூலியைத் தாழ்த்துவது குடியேறியின் பிறப்பிடம் அன்று. அவனது சட்டத் தகுதியின்மை.

இந்த அளவுகோலால் பார்த்தால், டிரம்பின் திட்டம் பொருளியல் அடிப்படையில் நிற்காது. அமெரிக்கக் குடியேற்றக் கவுன்சில் 2024 அக்டோபரில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அனைவரையும் ஒருசேர வெளியேற்ற 31,500 கோடி டாலருக்குக் குறையாமல் செலவாகும். ஆவணமற்றோர் 2022-இல் செலுத்திய வரிகள் மட்டும் 9,670 கோடி டாலர் என்று வரிக் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கிட்டிருக்கிறது. தாங்கள் ஒருபோதும் ஓய்வூதியம் பெற முடியாத சமூகப் பாதுகாப்பு நிதிக்கு அவர்கள் செலுத்தும் பங்களிப்பும் இதில் அடங்கும். 2011-இல் ஜார்ஜியா மாநிலம் கடுஞ்சட்டம் இயற்றியபோது நேர்ந்தது நல்ல சான்று. தொழிலாளர்கள் வெளியேற, பழங்களும் காய்கறிகளும் வயலிலேயே அழுகின. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தோரை அறுவடைக்கு அனுப்பலாம் என்றார் ஆளுநர். வந்தவர்களில் பலர் அந்த வெயிலில் நீடிக்கவில்லை.

ஹாரிஸின் நிலைப்பாடு மனிதநேயம் மிக்கது, ஆனால் பாதி. குடியுரிமை வழி என்று சொன்னார். அது எப்படிச் சட்டமாகும் என்பதைச் சொல்லவில்லை. 2013-இல் அத்தகைய மசோதா செனட்டில் 68-32 என்ற வாக்குகளில் நிறைவேறியும், பிரதிநிதிகள் அவை அதனை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. 1986-இன் பாடத்தை அவரது உரைகளில் நான் காணவில்லை. வேலை தருவோரைக் கட்டுப்படுத்தாமல் தகுதி மட்டும் வழங்கினால், பத்தாண்டுகளில் அடுத்த ஒரு கோடி பேர் அதே வயல்களில் அதே அச்சத்துடன் நிற்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1942 முதல் 1964 வரை, மெக்சிகோவிலிருந்து பருவத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் வரவழைக்கும் 'பிராசெரோ' திட்டம் இருந்தது. அதில் சுரண்டல் மிகுதி, நீக்கியது சரியே. ஆனால், அதை நீக்கிய கையோடு சட்டபூர்வ வருகைக்கு உச்சவரம்பும் விதித்தார்கள். வேலை இருந்தது, வழி மட்டும் அடைபட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாசி பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இதுதான்: அறுவடைக்கு வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், காவல் இறுகியபின், திரும்பினால் மீண்டும் வர முடியாதென்று அங்கேயே தங்கிக் குடும்பத்தையும் வரவழைத்தனர்.

சட்டவழியின் நெருக்கடி நம்மவருக்கும் புதிதன்று. வேலைவாய்ப்பு அடிப்படையிலான நிரந்தரக் குடியுரிமை அட்டைகள் ஆண்டுக்கு 1,40,000. எந்த நாட்டுக்கும் அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அந்த வரிசையில் நிற்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் படித்துச் சென்ற பொறியாளர்களின் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து, 21 வயதானதும் பெற்றோரைச் சார்ந்த விசாவை இழக்கிறார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கும் பிரிவு ஒன்று பிப்ரவரியில் வீழ்ந்த அந்த மசோதாவில் இருந்தது. இங்கே எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள் என்று தெரியவில்லை.

தேர்தலுக்குப் பின் நான் கவனிக்க விரும்பியது சுவரின் நீளத்தை அன்று. பணியாளரின் தகுதியைக் கணினி வழியே சரிபார்க்கும் 'இ-வெரிஃபை' என்ற ஏற்பாடு 1990-களிலிருந்தே அமெரிக்காவில் இருக்கிறது. பெரும்பாலான தனியார் முதலாளிகளுக்கு மத்தியச் சட்டப்படி அது கட்டாயமில்லை. 2023-இல் குடியரசுக் கட்சியினர் பிரதிநிதிகள் அவையில் நிறைவேற்றிய மசோதா அதனைக் கட்டாயமாக்கியது. விவசாயத்துக்குக் கூடுதல் அவகாசம் தந்துவிட்டு. அது செனட்டில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. டிரம்பே 2019-இல், விவசாயிகளால் அதைச் சமாளிக்க முடியாது என்று தயங்கியவர். ஹாரிஸ் கையெழுத்திடுவதாகச் சொன்ன மசோதாவிலோ அந்தக் கட்டாயம் இல்லை. வெல்பவர் யாராயினும், 2025 ஜனவரி 20-க்குப் பின் அனுப்பும் முதல் குடியேற்ற மசோதாவில் வேலை தருவோருக்கு ஒரு பிரிவு இருக்குமா, 'தெரிந்தே' என்ற சொல் அதிலும் இடம்பெறுமா என்பதே என் கேள்வியாக இருந்தது.