இணையக் கருவிகளும் தமிழ் எழுத்தின் வரையறையும்

மதிப்பீட்டிற்காக அண்மையில் என் பார்வைக்கு வந்த கட்டுரையொன்று, இரு காலப்பகுதிகளின் உரைநடையை ஒப்பிட்டு, பிற்காலத்தில் சொற்களின் நீளம் கூடியுள்ளது என்னும் முடிபை முன்வைத்திருந்தது. தரவுகள் இணையவழிக் கருவியொன்றால் கணக்கிடப்பட்டவை. அட்டவணைகள் ஒழுங்காக இருந்தன. விளக்கமும் நயமாகவே அமைந்திருந்தது. ஆயினும், சான்றாகக் காட்டப்பெற்ற சொற்கள் சிலவற்றை விரல்விட்டு எண்ணிப் பார்த்தபோது எண்ணிக்கை பொருந்தவில்லை. ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு அக்கருவி 5 எழுத்து என்றது. கட்டுரையாளர் கூட்டலில் தவறவில்லை. கருவியை இயற்றிய நிரலரும் தாம் பயின்றபடியே எழுதியிருக்கிறார். எழுத்து என்பது யாது என்னும் வினாவை ஒவ்வொருவரும் மற்றவர் பொறுப்பென விட்டுவிட்டனர்.

தமிழ்த்துறைகள் மின்பதிப்பையோ சொல்லடைவையோ உருவாக்க முற்படும்போது, முதலில் எழும் பேச்சு எந்தச் சட்டகத்தைக் கொள்வது என்பதாக இருக்கிறது. ரியாக்ட் வேண்டும் என்பார் ஒருவர். வியூ எளிது என்பார் மற்றொருவர். அதை நிரலரே முடிவு செய்யட்டும். ஆனால் எழுத்து எது, எந்த இரு வடிவங்கள் ஒரே சொல், எது எதற்கு முன் வரும் என்னும் மூன்றும் நம் வினாக்கள். அவற்றை நாம் கேளாதபோது கருவியின் இயல்பமைப்பே விடையாகிவிடுகிறது. அவ்விடை பெரும்பாலும் தமிழுக்குப் பொருந்துவதில்லை என்பதே என் கருத்து.

‘தமிழ்க்கல்வி’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பிஎச்பி மொழியின் பழைய நீளக் கணிப்பு இதற்கு 36 என விடை தரும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் கொள்வதால், அது இடத்தை எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் 12 என்னும்; அது யுடிஎஃப்-16 குறியலகுகளை எண்ணுகிறது. உலாவிகளில் இப்போதுள்ள ‘செக்மென்டர்’ என்னும் பகுப்பி 7 என்னும். த, மி, ழ், க், க, ல், வி என நாம் எண்ணுவதும் அதுவே. கட்டளைக் கலித்துறையை ஆய்பவருக்கோ இதுவும் உதவாது. நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 என அங்கு எண்ணும்போது ஒற்றுகள் நீக்கப்படும். எனவே அவருக்கு வேண்டிய விடை 4. ஒரே சொல்லுக்கு 36, 12, 7, 4 என நான்கு விடைகள். நான்கும் தத்தம் வரையறைப்படி சரியானவை. எந்த வரையறை என்று சொல்லாத எண் ஆய்வுத் தரவாகாது.

இந்த வேறுபாட்டின் வேர் குறியேற்றத்தின் கட்டமைப்பில் உள்ளது. இலக்கண மரபில் மெய்யும் உயிரும் முதலெழுத்துகள். இரண்டும் கூடி உயிர்மெய் பிறக்கிறது. 1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறி, இந்திய எழுத்துகளுக்கென முன்பே வகுக்கப்பட்ட இஸ்கி குறியேற்றத்தைப் பின்பற்றியதால், அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டது. அங்கே ‘க்’ என்பது ‘க’வோடு புள்ளி சேர்ந்து வருவது, மெய், உயிர்மெய்யினின்று பிறக்கிறது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தரும் நோக்குடன் அமைந்த அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது என்பதை அறிவோம். அவ்விவாதத்தை மீண்டும் தொடங்குவது என் நோக்கமன்று. உலகின் உலாவிகள் அனைத்தும் ஒருங்குறியையே பேசுகின்றன. அதன் மீது நம் வரையறையை எவ்வாறு ஏற்றுவது என்பதே இன்றைய பணி. (கல்வெட்டாய்வாளர்க்கு ஒரு சொல்: 2019இல் ஒருங்குறியில் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகள் தனித்தொகுதியில் உள்ளன, அவற்றுள் ஒவ்வொன்றையும் ஜாவாஸ்கிரிப்ட் 2 என எண்ணும்.)

தேடலில் நிகழும் பிழை இதனினும் கொடியது. ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ‘கொடி’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். கொம்பு, கால் என இரு குறியாகவும் இடலாம். திரையில் வேறுபாடு இல்லை. ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. இதற்கு இயல்பாக்கம் என்னும் செயற்கூறு 2015 முதல் ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ளது. ஒரு வரியில் தீரும். தீராதது ஔகாரம். ‘மௌனம்’ என்பதைக் கொம்பும் ளகரமும் இட்டுத் தட்டச்சு செய்யும் வழக்கம் இணையத்தில் பரவிக் கிடக்கிறது. இயல்பாக்கம் இதைத் தொடாது, ளகரம் என்பது முறையான ஓர் எழுத்து ஆதலால். எகரக் கொம்பையும் ளகரத்தையும் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக்கும்படி நிரலர் விதி எழுதினால், ‘தெளிவு’ம் ‘வெள்ளி’யும் சிதையும். ளகரத்தின் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வருமாயின் மாற்றலாகாது என்று சொல்லத் தமிழ் தெரிந்த ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். இல்லையேல், ஒரு சொல் ஒரு தொகுப்பில் வரவில்லை எனச் சொல்லடைவை நம்பி எழுதும் ஆய்வாளர், வந்ததை வரவில்லை என்று எழுதுவார். இன்மையைச் சான்றாகக் கொள்ளும் வாதங்கள் நம் கால ஆராய்ச்சிகளில் எத்தனை என்பதை நினைத்தால் அச்சமே மிகுகிறது.

அகரவரிசையும் அவ்வாறே. குறியெண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கும். ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன் வந்துவிடும். புள்ளியின் குறியெண் பிற்பட்டதாகையால், மெய்யை முற்படுத்தும் அகராதி மரபிற்கு மாறாக ‘அகம்’ முன்னும் ‘அக்காள்’ பின்னும் வரும். தமிழ் வரிசையைத் தரும் ஒப்பீட்டு வசதி உலாவியிலேயே உண்டு. அதனை அழைக்க வேண்டும் என்று தோன்றாததே குறை. வடிவத் தேடல் மொழியிலோ, ‘சொல்லெழுத்து’ எனும் பழைய வகுப்பு ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே அறியும். 2018இல் வந்த புதிய வகுப்பு தமிழை அறியும். எனினும் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தென ஏலாது, ‘குறி’ எனத் தனியே பிரிக்கும். எழுத்துகளை மட்டும் ஏற்க எனக் கட்டளையிட்ட படிவத்தில் ‘முருகன்’ என்னும் பெயர் நுழையாமைக்கு இதுவே காரணம்.

சட்டகங்களின் ஆயுளையும் இங்கு நோக்குதல் தகும். 2006இல் ஜேகுவரி வந்தது. 2010இல் கூகுளின் ஆங்குலர்ஜேஎஸ், 2013இல் ரியாக்ட், 2014இல் வியூ. ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 இறுதியோடு நின்றது. அதில் கட்டிய தளங்களை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. மறுபுறம், 1991இல் வெளியான முதல் இணையப் பக்கத்தை இன்றைய உலாவியிலும் படிக்க முடிகிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் தகுதரக் குறியேற்றத்திலிருந்து ஒருங்குறிக்கு மாறியும் பிழைத்திருக்கின்றன. அவை வெறும் பாடமாக இருந்தமையே அதற்கு வழிவிட்டது. பக்கத்தை வெற்றுப் பெட்டியாக அனுப்பி, பின்னர் நிரல்கொண்டு உரையை நிரப்பும் முறை விரைவுத் தோற்றம் தரலாம்; ஆனால் நிரல் நின்றால் உரையும் இல்லை. நிதி முடிந்த திட்டமொன்றின் தளத்திற்கு யார் வந்து நிரலைப் புதுப்பிப்பர்? மூலபாடமும் பாடவேறுபாடும் டிஇஐ நெறிப்படியோ எளிய உரைக் கோப்பாகவோ தனியே இருக்கட்டும். சட்டகம் அதன் மேலிட்ட பந்தல்.

இன்று நிரலையே செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. தமிழ் மாணவரும் ஒரு மாலைப்பொழுதில் சொல்லெண்ணும் கருவியொன்றை ஆக்கிவிடலாம். இதை நான் வரவேற்கிறேன். ஆனால் வரையறை சொல்லாமல் கேட்டால், ஆங்கிலத்திற்குப் பழகிய நீளக் கணிப்பையே அது தருவதற்கு வாய்ப்பு மிகுதி. ஆதலின் கணினிவழி எண்ணிக்கையை ஆதாரமாகக் கொள்ளும் கட்டுரைகளிடம் நம் ஆய்விதழ்கள் மூன்று செய்திகளைக் கேட்க வேண்டும் என முன்மொழிகிறேன்: எழுத்தை எவ்வாறு எண்ணினீர், உரையை எவ்வாறு இயல்பாக்கினீர், எவ்வரிசையில் அடுக்கினீர். மூன்று வரிகளில் அடங்கும் இவ்விடை இன்றி மதிப்பீட்டாளர் கட்டுரையைத் திருப்பி அனுப்பலாம்.

துறைகள் செய்யத்தக்கது மற்றொன்றும் உண்டு. நிரலர் தம் ஆக்கத்தைச் சோதிக்கச் சோதனைச் சொற்பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்வது அத்தொழிலின் வழக்கம். தமிழுக்கு அப்பட்டியலை நாம் தொகுத்தளிக்கலாம்: ‘தெளிவு’, ‘மௌனம்’, ‘அஃது’, அளபெடைச் சொற்கள், குற்றியலுகர ஈறுகள். தொகுக்கத் தொடங்கும்போதே நமக்குள் கருத்து வேறுபாடு எழும். திரையில் ஒன்றாய்த் தோன்றும் ‘க்ஷ’வைப் பகுப்பி இரண்டாகவே எண்ணுகிறது, அதை ஏற்பதா? ‘ஸ்ரீ’ என்பதற்குச் ‘ச’வின் கிரந்த வடிவைக் கொண்டும் ஸகரத்தைக் கொண்டும் இரு குறியேற்றங்கள் உள்ளன, எதனைத் தலைவடிவாகக் கொள்வது? அளபெடையில் நெடிலை அடுத்து நிற்கும் குற்றெழுத்தைத் தனியே எண்ணுவதா? இவற்றுக்கு எந்த நிரல் நூலகமும் விடை சொல்லாது.